காற்றாலை மின்சாரம் ஏன் திடீரென்று விழுகிறது? எத்தனை நேரத்தில் விழுந்தது என்று முதலில் பாருங்கள்

கேள்வி இது: காற்று சீசனில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டின் காற்றாலை உற்பத்தி, சில நாட்களில் சில மணி நேரத்துக்குள் பெரிய அளவில் இறங்கிவிடுகிறதே, காற்று அப்படித் திடீரென்று நிற்குமா? இல்லை இயந்திரங்களில் கோளாறா? இப்படி ஏறி இறங்குகிற மின்சாரத்தை நம்ப முடியுமா?

காரணம் ஒன்று இல்லை, பல. ஆனால் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க நல்ல வழி இருக்கிறது. இறக்கம் எத்தனை நேரத்தில் நடந்தது என்று பாருங்கள். மணிக்கணக்கில் இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் வானிலை. பத்து, இருபது நிமிடத்தில் இறங்கியிருந்தால் இடிமழையோடு வந்த காற்றாக இருக்கலாம், அல்லது காற்று அளவுக்கு மீறி இயந்திரங்கள் தாமாக நின்றிருக்கலாம். சில நொடிகளில் நூற்றுக்கணக்கான மெகாவாட் காணாமல் போயிருந்தால் காற்றைத் தேடவே வேண்டாம். அது மின்கம்பி, ரிலே (பழுது வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்க வைக்கும் கருவி), மென்பொருள் பக்கத்து விஷயம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், காற்றுக்கும் நடக்க நேரம் வேண்டும். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு காற்று மாற்றம் நகர்ந்து வருகிறது என்று வையுங்கள். பத்து கிலோமீட்டர் நீளமுள்ள காற்றாலைப் பண்ணையைக் கடக்க அதற்குப் பதினோரு நிமிடம் ஆகும். முப்பந்தலில் இருந்து பல்லடம் பக்கம் சுமார் முந்நூறு கிலோமீட்டர். மாநிலம் முழுவதும் உள்ள இயந்திரங்களை ஒரே நிமிடத்தில் ஒரு காற்று மாற்றம் தொட வழியே இல்லை.

ஆனாலும் காற்றில் சின்ன மாற்றம் வந்தால் மின்சாரத்தில் பெரிய மாற்றம் வரும். இதற்குக் காரணம் வெறும் கணக்கு. காற்றிலுள்ள திறன் அதன் வேகத்தை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் 1000. அது 8 மீட்டராகக் குறைந்தால் 512. காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. வெளியே நிற்கும் ஆளுக்குக் காற்று குறைந்ததே தெரியாது. முன்கணிப்பிலும் இதே கதைதான். 8 மீட்டர் வரும் என்று சொன்ன இடத்தில் 7 மீட்டர் வந்தால் வானிலைக்காரருக்கு அது நல்ல கணிப்பு. மின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போன கணிப்பு.

எல்லா வேகத்திலும் இப்படி நடக்காது. ஒரு காற்றாலை நொடிக்கு 3 மீட்டர் அளவில் மின்சாரம் தரத் தொடங்கும், 12 மீட்டர் வாக்கில் முழுத் திறனைத் தொடும். அதற்கு மேல் 25 மீட்டர் வரை காற்று கூடினாலும் குறைந்தாலும் இறக்கையின் கோணத்தைத் திருப்பித் திருப்பி இயந்திரம் முழுத் திறனிலேயே நிற்கும். ஆகவே ஆட்டமெல்லாம் நடுவில், 6 முதல் 11 மீட்டருக்குள்தான். ஆண்டின் பெரும்பகுதி காற்றும் அந்த வட்டாரத்தில்தான் வீசுகிறது என்பது நம் பாடு.

இனி நேரத்தின் அளவைப் பற்றி ஒரு பழைய ஆய்வு. 1957-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வான் டெர் ஹோவன் என்பவர், காற்றின் ஏற்ற இறக்கம் எந்தெந்தக் கால அளவில் அதிகம் என்று பிரித்துப் பார்த்தார். இரண்டு மேடுகள் தெரிந்தன. ஒன்று நான்கு நாள் அளவில், அதாவது வானிலை அமைப்புகள் வந்து போகும் காலம். இன்னொன்று ஒரு நிமிட அளவில், அதாவது நாம் முகத்தில் உணரும் வீச்சுகள். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். காற்றாலைத் துறையில் எதற்கெடுத்தாலும் பத்து நிமிடச் சராசரி என்று பேசுவதற்கு இந்தப் பள்ளம்தான் அடிப்படை.

நிமிட அளவு வீச்சுகள் ஒற்றை இயந்திரத்தைப் பாடாய்ப் படுத்தும், மின்கட்டமைப்பை அதிகம் தொடாது. ஓர் இயந்திரத்துக்குக் காற்று கூடும் அதே நொடியில் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இன்னொன்றுக்குக் குறையும். நூறு இயந்திரங்கள் தம் போக்கில் ஆடினால், மொத்தத்தோடு ஒப்பிடும்போது அந்த ஆட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே ஒரே இயந்திரத்தின் திரையைப் பார்த்துவிட்டு “காற்றாலை இப்படித்தான்” என்று முடிவு கட்டுவது தவறு. எல்லா இயந்திரங்களும் ஒரே திசையில் சேர்ந்து நகரும் மாற்றங்கள்தான் கவலைக்குரியவை.

தமிழ்நாட்டில் அப்படிச் சேர்ந்து நகர வைப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று நம் காற்றாலைகளில் பெரும்பாலானவை கணவாய்களின் வாய்க்கு எதிரே நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, இடைவெளி கிடைத்த இடத்தில் நெருக்கிக்கொண்டு வேகமாகப் புகுந்து வருகிறது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை அந்த வேகம்தான் நமக்கு வரம். அதுவே சிக்கலும்கூட. ஒரே ஊற்றிலிருந்து வரும் காற்று என்பதால், ஊற்று தளர்ந்தால் ஒரு கணவாயை நம்பியிருக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாகத் தளரும்.

அந்த ஊற்று அரபிக்கடல் மேல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் வேகமான காற்றோட்டம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நம்மை நோக்கி வரும் அந்த ஓட்டத்தை 1960-களில் விரிவாக ஆராய்ந்த ஃபின்ட்லேட்டரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். பருவமழை உக்கிரமாக இருக்கும் நாட்களில் அதன் நடுத்தடம் தீபகற்பத்தைக் குறுக்கே கடக்கும். மழை ஓய்ந்திருக்கும் நாட்களில் அது தெற்கே விலகிவிடும். ஆகவே கோவை, திருப்பூர் பக்கமும் கன்னியாகுமரிப் பக்கமும் ஒரே நாளில் ஒரே அளவில் கூடிக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. நம் மாநிலத்துக்கு இது நல்லதே.

இதன் மேல் தினசரி ஆட்டம் வேறு. மலைக்குக் கிழக்கே உள்ள நிலம் வெயிலில் காயக் காய அங்கே காற்றழுத்தம் குறைந்து, கணவாய் வழியாகக் காற்று இழுக்கப்படுகிறது. காலையில் தணிந்திருக்கும் உற்பத்தி மதியத்துக்கு மேல் ஏறுவது இதனால்தான். மூன்று, நான்கு மணி நேரத்தில் பெரிய ஏற்றம் தெரிந்தால் அதில் அதிசயம் எதுவும் இல்லை, சூரியன் செய்கிற வேலை. ஆனால் மேகம் மூடி நிலம் காயாத நாளில் அந்த ஏற்றம் தாமதமாகும் அல்லது வராமலே போகும். கட்டுப்பாட்டு அறையில் “நேற்று இந்த நேரம் வந்ததே” என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

பத்து நிமிட ரகத்துக்கு வருவோம். உள்மாவட்டங்களில் மாலை நேர இடிமேகம் மழையைக் கொட்டும்போது, அதிலிருந்து குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபக்கமும் விரியும். அது பண்ணையைத் தொட்டவுடன் முதலில் உற்பத்தி செங்குத்தாக ஏறும், காற்றின் திசை சட்டென்று மாறும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிக் காற்றே இல்லாமல் போகும். காற்றாலையின் தலை திசை மாறுவது மெதுவாகத்தான். நொடிக்கு அரை டிகிரி அளவில் திரும்பும். காற்று தொண்ணூறு டிகிரி மாறினால் தலை அதை எட்டிப் பிடிக்க மூன்று நிமிடமாவது ஆகும். அதுவரை இறக்கைகள் தப்பான திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இன்னொரு சின்ன விஷயம், வெளியாட்களுக்கு அதிகம் தெரியாதது: தலை ஒரே பக்கமாகப் பல சுற்று திரும்பிவிட்டால் டவருக்குள் தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும். அளவு தாண்டினால் இயந்திரம் உற்பத்தியை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை அவிழ்த்த பிறகுதான் மீண்டும் ஓடும். நல்ல காற்றில் ஒரு காற்றாடி மட்டும் நின்றுகொண்டு மெல்லத் தலையைச் சுற்றுவதைப் பார்த்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

காற்று மிகுந்து நிற்பது வேறு வகை. நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வாக்கில் பல இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள முழுத் திறனிலிருந்து நேரே சுழியத்துக்கு வந்துவிடும். காற்று நன்றாகத் தணிந்த பிறகுதான் மறுபடி ஓடும். இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் டென்மார்க். 2005 ஜனவரி 8-ல் அடித்த புயலில் மேற்கு டென்மார்க்கில் ஆறு மணி நேரத்தில் 2,000 மெகாவாட் இறங்கியது. அந்தப் பகுதியில் நிறுவப்பட்ட திறனில் 83 சதவீதம். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அந்த இறக்கத்தின் உச்ச வேகமே நிமிடத்துக்கு 12 மெகாவாட்தான். புயலின் உச்சக் காற்று ஒவ்வொரு பண்ணையையும் ஒவ்வொரு நேரத்தில் தொட்டது, இயந்திரங்களும் ஒவ்வொன்றாகத்தான் நின்றன. இன்று பல தயாரிப்பாளர்கள் 25 மீட்டரில் ஒரேயடியாக நிறுத்தாமல், அதற்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறனைக் குறைத்துக்கொண்டு போகும் ஏற்பாட்டைத் தருகிறார்கள். புதிதாக இயந்திரம் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

அதே டென்மார்க்கில் நேர்மாறான பாடமும் உண்டு. 2002-ல் வடகடலில் எழுந்த ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையில் 80 இயந்திரங்கள், மொத்தம் 160 மெகாவாட், எல்லாம் ஒரே கட்டமாக நெருக்கமாக நிற்கின்றன. அந்த ஒரு பண்ணையிலேயே நிமிடத்துக்கு 15 மெகாவாட் வரை மாற்றம் பதிவானது. மேற்கு டென்மார்க் முழுக்கப் பரவியிருந்த இயந்திரங்கள் புயலில் காட்டிய வேகத்தைவிட இது அதிகம்! குளிர்ந்த வடமேற்குக் காற்று சூடான கடல்மேல் வரும்போது தேனடை அறைகளைப் போல மேகக் கட்டங்கள் உருவாகின்றன. ஒவ்வொரு கட்டமும் கடந்து போகும்போது காற்று ஏறி இறங்குகிறது, பண்ணை முழுவதும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. காற்றாலைகளை ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. வரிசைகளின் திசைக்கு நேராகக் காற்று வீசும் நேரங்களில் அங்கே முன்வரிசை உறிஞ்சிய மிச்சக் காற்று பின்வரிசைக்குப் போய், பின்னால் நிற்பவை நாற்பது சதவீதம் வரை குறைவாகத் தந்திருக்கின்றன. காற்றின் வேகம் மாறாமல், திசை சில டிகிரி மாறியதற்கே மொத்த உற்பத்தி மாறும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வேகமும் மாறாமல் திசையும் மாறாமல் உற்பத்தி மாறிய கதையும் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் சில பண்ணைகளில் ஒரே காற்று வேகத்தில் ஒரு நாள் முழு உற்பத்தி, இன்னொரு நாள் பாதிதான் என்று பல ஆண்டுகளாகக் குழப்பம். 2001-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் விடை சொன்னார்கள். குற்றவாளி பூச்சிகள். பூச்சிகள் பறப்பது காற்று மெல்ல வீசும்போதுதான். அப்போது சுழலும் இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மெல்லிய காற்றில் அந்தச் சொரசொரப்பு பெரிதாகப் பாதிப்பதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. பிறகு காற்று பலமாக வீசும்போது, அழுக்கான இறக்கை காற்றோட்டத்தைப் பிடித்து வைக்க முடியாமல் உற்பத்தி இறங்கிவிடுகிறது. மழை பெய்து கழுவிவிட்டால் பழையபடி ஆகிவிடும். இறக்கைக் கோணத்தைத் திருப்ப முடியாத பழைய ரக இயந்திரங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். அளவுக் கருவி, ஜெனரேட்டர், கியர்பாக்ஸ் என்று எல்லாவற்றையும் சந்தேகித்தவர்களுக்கு இறக்கையைத் துடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. காரணம் தெரியாத ஏற்ற இறக்கம் எங்கே வந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆய்வுதான்.

இப்போது நொடிக் கணக்கு. இதைத்தான் மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

2016 செப்டம்பர் 28 மாலை தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருண்டது. சுமார் எட்டரை லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. “காற்றாலையை நம்பினால் இப்படித்தான்” என்று அன்றிரவே அரசியல் தொடங்கிவிட்டது. விசாரணையில் வெளிவந்தது வேறு. கடும் சுழல்காற்றில் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் ஆறு முறை சட்டென்று தாழ்ந்து எழுந்தது. காற்றாலைகள் ஒவ்வொரு தாழ்வையும் தாங்கி நின்றன. ஆனால் ஒன்பது பண்ணைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில், குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை தாழ்வுக்கு மேல் வந்தால் விலகிக்கொள் என்று ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. அந்த எண் தாண்டியதும் ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் போய்விட்டது. அந்தக் குறையை ஈடுகட்ட விக்டோரியாவிலிருந்து வரும் ஒரே பெரிய இணைப்பு அளவுக்கு மீறிச் சுமந்து, அதுவும் துண்டித்துக்கொண்டது. அப்படி ஓர் எண் உள்ளே இருப்பது மின்கட்டமைப்பை நடத்துபவர்களுக்கு அதுவரை தெரியாது. பிறகு அந்த அமைப்பை மாற்றினார்கள். காற்று அன்று குறைவே இல்லாமல் வீசிக்கொண்டிருந்தது!

மூன்று ஆண்டு கழித்து, 2019 ஆகஸ்ட் 9-ல் இங்கிலாந்தில் ஒரு மின்னல் மின்கம்பியில் விழுந்தது. அப்படி விழுவது அங்கே சாதாரணம், கம்பி சில நொடிகளில் தானாக மீண்டுவிடும். ஆனால் ஹார்ன்சி ஒன் என்ற கடல் காற்றாலைப் பண்ணையின் மின்னழுத்தக் கட்டுப்பாடு அந்தச் சின்ன அதிர்ச்சிக்குத் தடுமாறி ஊசலாடியது. 799 மெகாவாட் ஒரு நொடிக்குள் 62 ஆனது. ஏறக்குறைய அதே நேரத்தில் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையமும் விலகியது. 50 ஹெர்ட்சில் நிற்க வேண்டிய மின்சாரத்தின் அலைவெண் 48.8-க்கு விழுந்து, சுமார் 11 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. இங்கும் திருத்தப்பட்டது மென்பொருள்தான்.

நம்மிடம் இதே ரகம் வேறு வடிவில் உண்டு. தொண்ணூறுகளில் வந்த சிறிய இயந்திரங்கள் மின்னழுத்தம் தாழ்ந்தால் உடனே விலகிக்கொள்ளும் வகை. அந்தக் காலத்தில் அப்படி விலகுவதுதான் சரி என்று நினைத்தார்கள், காற்றாலையின் பங்கு சிறிதாக இருந்ததால் நஷ்டமும் இல்லை. பங்கு பெரிதானபோது, எங்கோ ஒரு பழுதுக்கு அக்கம்பக்கத்து இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக விலகுவது ஆபத்தானது. அதனால்தான் 2013-ல் மத்திய மின்சார ஆணையத்தின் விதி திருத்தப்பட்டது. புதிதாக இணையும் காற்றாலைகள், மின்னழுத்தம் வழக்கமான அளவில் வெறும் 15 சதவீதமாகத் தாழ்ந்தாலும் 300 மில்லிநொடி வரை தாங்கி இணைப்பிலேயே நிற்க வேண்டும். பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியவை நிறுவும் பேச்சு வரும்போது எல்லோரும் கூடுதல் யூனிட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்தத் தாங்கும் திறனும் சேர்ந்து வருகிறது என்பதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு இறக்கம் உண்டு, அது இயற்கையும் இல்லை கோளாறும் இல்லை. மின்தேவை குறைவாக இருக்கும்போது, அல்லது மின்கம்பியில் இடம் இல்லாதபோது, கட்டுப்பாட்டு மையம் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும். பேக்டவுன் என்பார்கள். வரைபடத்தில் இதை அடையாளம் காண்பது எளிது: வெட்டிவிட்டதுபோல நேராக இறங்கி, தட்டையாகக் கிடந்து, அப்புறம் நேராக ஏறும். காற்று ஒருபோதும் அப்படித் தட்டையாக வீசாது. இறக்கைகள் சுழலாமல் நிற்க, காற்று மட்டும் ஊளையிட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வயிற்றெரிச்சல். அதையும் “காற்றாலை நம்பகமில்லை” என்ற கணக்கில் சேர்ப்பது நியாயமே இல்லை.

நம்ப முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு டெக்சாஸைச் சொல்கிறேன். 2008 பிப்ரவரி 26 மாலை அங்கே காற்றாலை உற்பத்தி 1,700 மெகாவாட்டிலிருந்து சில மணி நேரத்தில் 300-க்கு இறங்கியது. அதே நேரம் மாலைத் தேவை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. அவசரநிலை அறிவித்து, முன்பே ஒப்புக்கொண்டிருந்த தொழிற்சாலைகளின் சுமையைக் குறைத்துச் சமாளித்தார்கள். இதில் மனதை உறுத்துவது என்னவென்றால், காற்று இறங்கப்போகிறது என்ற முன்கணிப்பு கையில் இருந்தது. சோதனை அளவில் இருந்ததால் கட்டுப்பாட்டு அறையின் வேலையோடு அது இன்னும் சேர்க்கப்படவில்லை. வானிலை எச்சரித்தது, எச்சரிக்கை போய்ச் சேர வழி இல்லை.

அனல் நிலையத்தோடு ஒப்பிட்டாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வடசென்னையில் 600 மெகாவாட் அலகு ஒன்று பழுதானால், அந்த 600-ம் ஒரே நொடியில் போகும், முன்னறிவிப்பும் இருக்காது. எந்த மின்கட்டமைப்பும் அப்படி ஓர் இழப்பைத் தாங்கும்படிதான் கையிருப்பு வைத்திருக்கிறது. காற்றால் வரும் இறக்கம் அதைவிட மெதுவானது, பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவது. ஆனால் நீண்டு கிடப்பது, அலகைச் சரிசெய்து திருப்பிக்கொண்டு வருவதுபோல ஆள் வைத்துச் சரிசெய்ய முடியாதது. ஆகவே அதற்கு வேண்டியது வேறு மருந்து: கடம்பாறையில் இருப்பதுபோன்ற, தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்கள், சீக்கிரம் ஏறி இறங்கக்கூடிய நீர்மின்சாரம், இப்போது பேட்டரிகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய கட்டமைப்பு. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மாநிலக் கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அலைவெண்ணில் இணைந்தது. அதற்கு முன் நம் காற்றின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் தென்மாநிலங்களே சுமக்க வேண்டியிருந்தது. இன்று அதே இறக்கம் நாடு முழுவதும் பரவிக் கரைகிறது.

இன்னும் சரியாகாத இடம் ஒன்று உண்டு. நம் மின்கணக்கு பதினைந்து நிமிடப் பிரிவுகளில், நாளுக்கு 96 பிரிவுகளாக நடக்கிறது. 2015-ல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த முறைப்படி உற்பத்தி அட்டவணையை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 16 தடவை திருத்த முடிந்தது. மணிக்கணக்கு இறக்கத்துக்கு இது போதும். இடிமேகம் இருபது நிமிடத்தில் வந்து போய்விடுகிறது, அடுத்த திருத்தத்துக்கு அது காத்திருக்காது. கணவாய்களுக்கு மேற்கே, காற்று உள்ளே நுழையும் பக்கத்தில் காற்றளவிகளை வைத்து, அந்த அளவுகளை நிமிடத்துக்கு நிமிடம் கட்டுப்பாட்டு அறைக்கே நேராக அனுப்பினால், ஆரல்வாய்மொழியில் விழப்போகும் மெகாவாட்டைக் கொஞ்ச நேரம் முன்பே கணிக்கலாம்.